கோபக்காரக் கடவுள், அன்புக் கடவுள் என்ற பொய்ப் பிரிவினை

பழைய ஏற்பாட்டின் கடவுள் கோபக்காரர், புதிய ஏற்பாட்டின் கடவுள் அன்பே உருவானவர் என்ற நம்பிக்கை கிறிஸ்தவர்களிடமும் மற்றவர்களிடமும் ஒருசேர வேரூன்றியிருக்கிறது. வேதாகமத்தின் எந்தப் பகுதியும் இதற்கு இடம் தருவதில்லை.

இந்தக் கருத்துக்கு வயது ஏறக்குறைய 1,900 ஆண்டுகள். கருங்கடல் கரையிலுள்ள சினோப்பே நகரத்தவரான மார்சியோன், யூதர்களின் கடவுள் வேறு, இயேசுவின் தந்தை வேறு என்று போதித்தார். பழைய ஏற்பாட்டை முற்றாகத் தள்ளினார். லூக்கா நற்செய்தியையும் பவுலின் பத்துக் கடிதங்களையும் மட்டும், அவற்றிலும் தமக்கு ஒவ்வாதவற்றை வெட்டிவிட்டு, வைத்துக்கொண்டார். கி.பி. 144இல் ரோமத் திருச்சபை அவரை விலக்கியது. அவரை மறுக்கத் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் ஐந்து நூல்கள் எழுதினார். திருச்சபை அன்றே தள்ளிய கருத்து இன்றும் பிரசங்கங்களில் உலவுகிறது.

பழைய ஏற்பாட்டிலேயே, இஸ்ரவேலர் பொன் கன்றுக்குட்டியை வணங்கிய பிறகு மோசேயிடம் கடவுள் தம்மை வெளிப்படுத்தும் காட்சி யாத்திராகமம் 34ஆம் அதிகாரத்தில் உள்ளது. அங்கே இரக்கமும் நீடிய சாந்தமும் முதலில் வருகின்றன. தண்டனை பிறகே வருகிறது. தண்டனை மூன்று, நான்கு தலைமுறையோடு நிற்கிறது. இரக்கமோ ஆயிரம் தலைமுறைக்கு நீள்கிறது. ஓசியா 11ஆம் அதிகாரத்தில், தாம் கைபிடித்து நடக்கப் பழக்கிய பிள்ளையாகவே கடவுள் எப்பிராயீமை, அதாவது இஸ்ரவேலை, பார்க்கிறார். அழிவைத் தீர்ப்பாகச் சொல்லி முடிக்கும் முன்பே அவர் உள்ளம் புரள்கிறது. தாம் மனிதர் அல்ல, கடவுள் என்பதையே அழிக்காமல் விடுவதற்குக் காரணமாகச் சொல்கிறார். நினிவே நகரம் மன்னிக்கப்பட்டதால் கோபம் கொள்பவன் தீர்க்கதரிசி யோனா, இரங்குபவர் கடவுள்.

புதிய ஏற்பாட்டில் கோபம் குறைந்துவிட்டதா? கெஹென்னா என்ற நரகச் சொல் அங்கே 12 இடங்களில் வருகிறது. அவற்றுள் 11 இயேசுவின் வாயிலிருந்து வருபவை. ஜெப ஆலயத்தில் கை சூம்பியவனைக் குணமாக்கும் முன், சுற்றியிருந்தோரை அவர் கோபத்தோடு பார்த்தார், அவர்களுடைய இருதயக் கடினத்துக்காக வருந்தினார் என்கிறது மாற்கு 3ஆம் அதிகாரம். கோபமும் துயரமும் ஒரே வசனத்தில், ஒரே பார்வையில் இருக்கின்றன. கடவுளையும் அயலாரையும் நேசிக்கச் சொல்லும் இரு பெரும் கட்டளைகளை அவர் பழைய ஏற்பாட்டின் உபாகமத்திலிருந்தும் லேவியராகமத்திலிருந்துமே எடுத்தார்.

கடவுளின் கோபம் எதன்மீது எழுகிறது என்பதைத் தீர்க்கதரிசி ஆமோஸ் சொல்கிறான். இஸ்ரவேலில் ஒரு ஜோடிச் செருப்புக்காக ஏழையை விற்கிறார்கள். அடகு வாங்கிய ஆடையை விரித்துப் பலிபீடத்தருகே படுக்கிறார்கள். இதைக் கண்டும் கொதிக்காத கடவுளை அன்புள்ளவர் என்று அந்த ஏழையிடம் சொல்ல முடியாது. நசுக்கப்பட்டவன் பக்கம் நிற்கும் அன்பு, நசுக்குபவனுக்கு எதிரில் கோபமாகத்தான் தெரியும்.

பழைய ஏற்பாட்டின் ஜலப்பிரளயமும் எரிகோ நகரத்தின் அழிவும் இந்த விளக்கத்துக்குள் எளிதில் அடங்குவதில்லை. யூத, கிறிஸ்தவ அறிஞர்கள் நூற்றாண்டுகளாக அவற்றோடு போராடி வருகிறார்கள். ஆனால் அந்தச் சுமையைப் பழைய ஏற்பாட்டின் தலையில் கட்டிவிட்டுத் தப்ப முடியாது. கடவுளிடம் பொய் சொன்ன அனனியாவும் சப்பீராளும் விழுந்து சாவது அப்போஸ்தலர் நடபடிகளில். ஆட்டுக்குட்டியானவராகிய இயேசுவின் கோபத்துக்கு அஞ்சி மலைகளுக்குள் மனிதர் ஒளிவது வெளிப்படுத்தின விசேஷத்தில்.

இந்தப் பிரிவினை யூதர்மீதான வெறுப்புக்கும் தீனி போட்டது. கோபக்காரக் கடவுள் யூதருடையவர் என்றால், யூதரும் இரக்கமற்றவர்கள் என்று சொல்வது எளிதாகிவிடுகிறது. ஜெர்மனியின் ஐசனாக் நகரில், திருச்சபை வாழ்வில் யூதச் செல்வாக்கை ஒழிப்பதற்கென்றே 1939இல் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே அது யூத அடையாளங்களைக் களைந்த புதிய ஏற்பாடு ஒன்றை வெளியிட்டது. மார்சியோனின் கத்தரிக்கோல் மீண்டும் எடுக்கப்பட்டது.

வேதாகமம் ஒரே கடவுளைப் பற்றிப் பேசுகிறது. அவருடைய கோபத்தை நீக்கினால், ஏழைக்கு நீதி கேட்கும் குரல் போய்விடும். அன்பை நீக்கினால், அந்தக் கோபத்துக்கே காரணம் இல்லாமல் போய்விடும்.