பெயர் தெரியாத எட்டுப் பேர்

ஓட்டக்களத்தில் பெண் யார் என்று சொல்லும் வேலை மறுபடியும் ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது. 2025 செப்டம்பர் முதல் சர்வதேச மகளிர் தடகளப் போட்டிகளுக்கு எஸ்.ஆர்.ஒய். மரபணுச் சோதனை கட்டாயம். ஆயுளில் ஒருமுறை செய்தால் போதுமாம்.

புதிய சங்கதி அல்ல. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 பெண்களிடம் இதே மரபணுவைத் தேடினார்கள். எட்டுப் பேரிடம் இருந்தது. மேற்கொண்டு ஆராய்ந்த மருத்துவர்கள் எட்டுப் பேரையும் போட்டியிட அனுமதித்தார்கள். அவர்கள் பெயர் வெளியே வரவில்லை. 1999இல் ஒலிம்பிக் கமிட்டி அந்தச் சோதனையையே கைவிட்டது.

ஒடிசாவின் டூட்டி சந்துக்கு அந்த மறைவு கிடைக்கவில்லை. டெஸ்டோஸ்டிரோன் அதிகம் என்று 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் அணியிலிருந்து நீக்கப்பட்டபோது அவருக்கு 18 வயது. ஒரு நெசவாளர் வீட்டுப் பெண்ணின் உடம்பை நாடே விவாதித்தது. ('பாலினச் சோதனை' என்று மொழிபெயர்த்தோம் நாம், அளந்ததோ ஹார்மோனை.) சான்று போதாது என்று விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2015இல் அந்த விதியை நிறுத்திவைத்தது. 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் அவர் இரண்டு வெள்ளி வென்றார்.

ஆணாகப் பருவமடைவது உடலுக்குத் தரும் வேகம் மெய்தான். மகளிர் பிரிவு இருப்பதே அதனால். அதைக் காக்கச் சொல்பவர்களைப் பிற்போக்காளர்கள் என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். ஆனால், அப்படிப் பருவமடைந்த திருநங்கையரை உலகத் தடகள அமைப்பு 2023லேயே விலக்கிவிட்டது. இந்தச் சோதனையில் சிக்கப்போகிறவர்களில் பெண்ணாகவே வளர்ந்தவர்களும் உண்டு. ஜாஜ்பூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓட வரும் பெண்ணிடம் அந்த முடிவை முதலில் சொல்லப்போவது மருத்துவரா, நிருபரா?