காப்பி வேற, கவர் வேற: டிக்கீஸும் நம்ம மலைப் பசங்களும்

ஒரு பாட்டை அப்படியே பாடுறதுதான் அதுக்குச் செய்யுற மரியாதைன்னு நம்ம பக்கம் ஒரு நம்பிக்கை. கள்ளக்குறிச்சி சுத்துவட்டாரத்துல எந்தத் திருவிழா மேடையை வேணா பாருங்க. மெல்லிசைக் குழுவுல பாடுறவருக்குக் கிடைக்கிற பெரிய பாராட்டே "அப்படியே எஸ்.பி.பி. மாதிரி இருக்குய்யா"ங்கிறதுதான். எனக்கு இதுல உடன்பாடு இல்லை மக்களே. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பர்மிங்ஹாம் வரைக்கும் போயிட்டு வந்து.

பிளாக் சபாத் அந்த ஊர்க்காரங்க. கிடாரிஸ்ட் டோனி அயோமி 17 வயசுல தகரப் பட்டறை வேலையில வலது கையில ரெண்டு விரல் நுனியை இழந்தவர். இடக்கைக்காரர்ங்கிறதால கம்பியை அழுத்த வேண்டியதே அந்தக் கைதான். மனுசன் விடலை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செஞ்சு மாட்டிக்கிட்டார், மெல்லிசான கம்பி போட்டு வாசிச்சார். 1971-ல வந்த மூணாவது ஆல்பத்துல கம்பிகளைத் தளர்த்தியும் வாசிச்சார். ஹெவி மெட்டல்னு உலகம் கொண்டாடுற அந்தக் கனமான சத்தத்துல ஒரு பாதி, கையில இருந்த குறையைச் சமாளிக்கப் போய்க் கிடைச்சது.

அவங்களோட 'பாரனாய்ட்' 1970-ல வந்தது. ஆல்பத்துக்கு ஒரு பாட்டு குறையுதுன்னு அவசர அவசரமா போட்டது, மூணு நிமிசம்கூட கிடையாது. பிரிட்டன்ல நாலாவது இடம் வரைக்கும் போச்சு.

அடுத்த சில வருசத்துல பங்க் வந்தது. நீளமான கிடார் வித்தையெல்லாம் வேணாம், மூணு கார்டு தெரிஞ்சா மேடை ஏறுன்னு சொன்ன கூட்டம். அதுல லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்து டிக்கீஸ், 1977-ல ஆரம்பிச்ச கோமாளிக் கூட்டம், இதே 'பாரனாய்ட்'டை எடுத்து தலைதெறிக்கிற வேகத்துல அடிச்சாங்க. 1979-ல பிரிட்டன் பட்டியல்லயும் ஏறிடுச்சு.

கிண்டலா, மரியாதையா? ரெண்டும்தான்னு நினைக்கிறேன். அந்தப் பாட்டுக்குள்ள மொதல்ல இருந்தே ஒரு பதட்டம், ஒரு ஓட்டம் இருக்கு. டிக்கீஸ் அதை மட்டும் பிடிச்சு வெளிய இழுத்துப் போட்டாங்க. அதைக் கேட்டப்புறம் ஒரிஜினலைப் போட்டா அதுவே புதுசா கேக்குது. நல்ல கவர் செய்யுற வேலை இதுதான்.

காப்பின்னா பேரை மறைக்கிறது. கவர்ன்னா பேரைச் சொல்லிட்டுத் தன் வழியில பாடுறது. அதுக்காக எல்லா மறுபதிப்பையும் தூக்கிப் பிடிக்கலை. 'பொன்மகள் வந்தாள்' 1970-ல 'சொர்க்கம்' படத்துல வந்தது, 2007-ல 'அழகிய தமிழ்மகன்'ல ரீமிக்ஸ் ஆச்சு. ரஹ்மான் ரசிகர்கள் அடிக்க வராதீங்க, அதுல எனக்குச் சட்டை மாத்துன மாதிரிதான் தெரிஞ்சது. பாட்டைப் பத்தி ஒரு புது அபிப்பிராயம் கிடைக்கலை.

இப்ப நம்ம ஊருக்கு வர்றேன். கல்வராயன் மலையிலேர்ந்து கீழ படிக்க வந்த நாலு பசங்க. ஒரு பழைய கிடார், ஓசியில வாங்குன டிரம். ஒரு கோயில் திருவிழாவுல இளையராஜா பாட்டு ஒண்ணை ரெட்டை வேகத்துல, அவங்க பேசுற மலைப் பேச்சு வாடையோடவே பாடுனாங்க. முன்வரிசைப் பொடிசுங்க எழுந்து ஆடுச்சுங்க. விழாக்குழு பெரியவர் ஒருத்தர், "ராஜா பாட்டைக் கொலை பண்றானுங்க"ன்னு பாதியிலயே மைக்கை அணைக்கச் சொல்லிட்டார். "இனிமே மேடையே வேணாம்ணே"ன்னு சொல்லிட்டுப் போனான் பாடுன பையன்.

ராஜா பாட்டு அவ்வளவு சுலபமா சாகாதுங்க. சாகுறது அந்தப் பையனோட ஆசைதான். ஒரிஜினல் மாதிரியே வேணும்னா செல்போன்லயே கேட்டுக்கலாம், மேடை எதுக்கு? காசு உள்ளவன் நல்ல கீபோர்டு வாங்கி அச்சு அசலா வாசிச்சுடுவான். இல்லாதவனுக்கு இருக்கிற ஒரே வழி, இருக்கிறதை வெச்சுத் தன் மாதிரி வாசிக்கிறது. விரல் போன அயோமி செஞ்சதும் அதைத்தானே?

2025 ஜூலை 5-ல பர்மிங்ஹாம்ல பிளாக் சபாத் கடைசிக் கச்சேரியை 'பாரனாய்ட்' பாடித்தான் முடிச்சாங்க. 17 நாள்ல ஆஸி ஆஸ்போர்ன் போய்ச் சேர்ந்துட்டார். 55 வருசமா யார் யாரோ எப்படி எப்படியோ அடிச்ச பாட்டு, கடைசி வரைக்கும் கெட்டுப்போகலை.

அதனால விழாக்குழு அண்ணன்மாருக்கு ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த ஆடித் திருவிழாவுல மெல்லிசைக் குழு சாப்பிடப் போற அந்தப் பத்து நிமிசத்தை இந்த மாதிரிப் பசங்களுக்குக் கொடுங்க. பிடிக்கலைன்னா கைதட்டாம உக்காந்திருங்க. மைக்கை மட்டும் அணைக்காதீங்க.

உங்க ஊர்ல எப்படிங்க?