விசை யாருக்குரியது?

சென்ற பருவத்தில் ஒருநாள் மாலை, சிலப்பதிகாரத்து ஊழ்வினையைக் குறித்த என் கட்டுரையைக் கணினியில் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தேன். மறுநாட் காலையில் அதனை ஆசிரியர்பால் ஒப்புவித்தல் வேண்டும். யான் பயின்றது தமிழ்99 விசைமுறை. திடீரெனத் தகரத்தைத் தட்ட, எழுத்து வரவில்லை, திரை பூட்டிக்கொண்டது. ஒருவாறு திறந்து உகரத்தைத் தட்ட, எழுதிய ஏடு முற்றும் கண்ணுக்கு மறைந்தது. ஐகாரத்திற்குக் கட்டளைப் பெட்டியொன்று வந்து நின்றது; ஊகாரத்திற்குக் கோப்புப் பட்டியல். ஊழைப்பற்றி எழுதுவோனுக்கு இதனினும் சான்று வேண்டுமோ என்று அறைத்தோழர் நகைத்தார். எனக்கு நகை வரவில்லை.

காரணம் மிக எளியது. பலகையின் இடப்புறத்து விண்டோஸ் விசையின்கீழ் முறுக்குத் துகளொன்று புகுந்து, அதனை மேலெழவொட்டாது பிடித்திருந்தது. அவ்விசை அழுந்தியிருக்குங்கால் எல் பூட்டும். டி சாளரங்களை மறைக்கும். ஆர் கட்டளைப் பெட்டியையும் இ கோப்புகளையும் திறக்கும். அவையே தமிழ்99இல் முறையே த, உ, ஐ, ஊ. கணினியை அணைத்துப் பலகையைக் கவிழ்த்துத் தட்டினோம், துகள் வீழ்ந்தது, தகரம் தகரமாயிற்று. இத்தகைய வேளையில் வைரஸென்று அஞ்சிக் கணினி முழுவதையும் துடைத்தழிப்பாருளர். முதற்கண் விசையைப் பார்ப்பது நன்று.

துகளில்லாவிடத்தும் வேண்டாத நிரல்கள் திறப்பதுண்டு. பலர் பயிலும் கணினியில், முன்னிருந்தவர் யாரேனும் ஒரு நிரலின் குறும்படத்திற்குக் கண்ட்ரோல், ஆல்ட் இவற்றோடு ஓரெழுத்தைச் சேர்த்துக் குறுக்குவிசையாக அமைத்திருப்பர். அப்படத்தை வலச்சொடுக்கிப் பண்புகளுட் புகுந்து, குறுக்குவிசைக் கட்டத்தை வெறுமையாக்கின் தொல்லை ஒழியும்.

இங்குத்தான் என் வழக்கு. விசை எழுதுவோனுக்குரியது, அவனறியாது அதனைப் பிறிதொன்றற்கு ஒப்படைத்தல் முறையன்று. போலந்து நாட்டார் தம் மொழியின் வாலுடைய அகரத்தை வலப்புற ஆல்ட் விசையோடு ஏ தட்டி எழுதுகின்றனர். விண்டோஸோ அவ்வலப்புற ஆல்ட்டைக் கண்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்ததாகவே கொள்ளும். ஆகவே அவ்விரண்டோடு ஏ என்பதனை ஒரு நிரல் தனக்கெனக் கைப்பற்றின், அவர்கள் ஓரெழுத்தை இழப்பர். ஆங்கிலம் மட்டும் எழுதுவார்க்கு இவ்விழப்புத் தோன்றாது.

ஷிப்ட் விசையை ஐந்துமுறை தொடர்ந்து தட்டின் தோன்றும் வினாவைப் பலர் வைவர். யான் வையேன். இருவிசைகளை ஒருங்கழுத்தவியலாத கையினர்க்கு ஏற்பட்ட உதவி அது. வேண்டாதார் அமைப்பிற் சென்று அக்குறுக்குவழியை நிறுத்திக்கொள்ளலாம்.

ஐ.பி.எம். நிறுவனத்துப் பொறியாளர் டேவிட் பிராட்லி, 1981இல் வெளிவந்த கணினிக்கு மறுதொடக்க விசைகளை வகுத்தபோது, முதலிற் கண்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் எனக் கொண்டனர். மூன்றும் இடப்பக்கத்தே நெருங்கியிருந்தமையால், கை தவறிப் பட்டாலும் வேலை அழியுமென்று கண்டு, எஸ்கேப்பை நீக்கி வலக்கோடியிலிருந்த டெலீட்டை வைத்தனர். எழுதுவோன்மேல் வைத்த இக்கருத்தை இன்றைய நிரலாளரிடத்தும் எதிர்பார்த்தல் மிகையாமோ?

மேக் கணினியிலும் லினக்ஸின் க்னோமிலும் குறுக்குவிசைகளிற் பெரும்பாலானவற்றை ஒரே பட்டியலிற் கண்டு மாற்றவும் நீக்கவும் இடமுண்டு. விண்டோஸில் அவை பல மூலைகளிற் சிதறிக்கிடக்கின்றன. அங்கும் அத்தகைய பட்டியலொன்று வேண்டும். புதிய நிரலொன்று விசையைக் கொள்ளுமுன் எழுதுவோனை வினவவும் வேண்டும்.