எண்ணெய்க் குழாயில் நாமும் ஒரு பங்காளி

கூட்டு வியாபாரம் என்றால், நமது கடைத்தெருவில் இரண்டு மூன்று பேர் மூலதனம் போட்டு நடத்துவது. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியும். அமெரிக்காவிலோ முகம் தெரியாத ஆயிரக்கணக்கான ஜனங்களைக் கூட்டாளிகளாக்கும் வித்தை ஒன்று உண்டு. 1981-ம் வருஷத்தில் அப்பாச்சி என்னும் எண்ணெய்க் கம்பெனி அதைத் தொடங்கி வைத்தது. கூட்டு வியாபாரத்தைச் சிறு சிறு யூனிட்டுகளாக வகுத்து, ஷேர்களைப் போலவே சந்தையில் விற்றுவிடுவதுதான் அந்த வித்தை.

இதனால் என்ன லாபம்? கம்பெனியானால் லாபத்துக்குக் கம்பெனி ஒரு முறை வரி கட்ட வேண்டும். டிவிடெண்டு வாங்கும் ஷேர்தாரர் இன்னொரு முறை கட்ட வேண்டும். கூட்டு வியாபாரத்துக்கோ முந்திய வரி கிடையாது. இந்த ருசி எண்ணெய்க்காரர்களோடு நிற்குமா? 1986-ல் பாஸ்டன் நகரத்துக் கூடைப்பந்துக் கோஷ்டி ஒன்றுகூட யூனிட் விற்கக் கிளம்பிவிட்டது! சர்க்கார் விழித்துக்கொண்டு 1987-ல் சட்டம் செய்தார்கள். வருமானத்தில் 100-க்கு 90 பங்காவது எண்ணெய், எரிவாயு, குழாய்ப் போக்குவரத்து முதலிய குறிப்பிட்ட சில இனங்களிலிருந்து வந்தால்தான் சலுகை என்றார்கள்.

யூனிட்டுகளை ஜனங்களிடம் கொண்டு சேர்ப்பவர்கள் அண்டர்ரைட்டர்கள் எனப்படும் பாங்கிகள். சாதாரணமாக இவர்கள் எல்லா யூனிட்டுகளையும் சற்றுக் குறைந்த விலைக்குத் தாங்களே வாங்கி, அறிவித்த விலைக்கு விற்கிறார்கள். முதல் வெளியீட்டில் 100 டாலருக்கு 6 டாலர் போல அவர்களுக்குக் கூலி நிற்பது சகஜம். விற்காமல் தங்கினால் நஷ்டம் அவர்கள் தலையில்.

இது வெறும் பேச்சல்ல. 1987 அக்டோபரில் பிரிட்டிஷ் சர்க்கார் பி.பி. எண்ணெய்க் கம்பெனியில் தங்களுக்கிருந்த ஷேர்களை 330 பென்ஸ் விலைக்கு விற்க ஏற்பாடு செய்தார்கள். அண்டர்ரைட்டர்கள் பொறுப்பேற்ற சில தினங்களில் உலகச் சந்தைகள் சரிந்து விழுந்தன. வெளியீட்டை நிறுத்தும்படி மன்றாடினார்கள். நிதி மந்திரி லாசன் இசையவில்லை. பாங்க் ஆப் இங்கிலாந்து ஓர் அடிமட்ட விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளும் என்ற அளவுக்கே இரங்கினார். அவை யூனிட்டுகளல்ல, ஷேர்கள்தாம். ஆயினும் அண்டர்ரைட்டர் ஏற்கும் பொறுப்பு ஒன்றே.

இவ்வளவு பெரிய பாங்கிகள் துணிந்து கையெழுத்திடுவதைக் கண்டு குடும்பஸ்தர் மயங்குவது இயல்பே. ஆனால் அந்த உறுதி விற்கிறவருக்குக் கொடுத்தது. வாங்குகிறவருக்கு 1933-ம் வருஷத்துச் சட்டம் அளிக்கும் பாதுகாப்பு வேறு: பிராஸ்பெக்டஸில் பொய் இருந்து, தாங்கள் தக்க விசாரணை செய்ததாக அண்டர்ரைட்டர்கள் நிரூபிக்காவிட்டால், நஷ்டஈடு கேட்கலாம். விலை இறங்கியதற்காக மட்டும் கேட்க முடியாது.

பிராஸ்பெக்டஸில் எல்லாம் எழுதித்தான் இருக்கிறது. நூற்றுக்கணக்கான பக்கங்களை யார் படிப்பது? மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் பணம் முழுவதும் லாபமென்று எண்ண வேண்டாம். அதில் ஒரு பகுதி, வரிக் கணக்கின்படி, போட்ட மூலதனமே திரும்பி வருவதாக இருக்கும். அந்த அளவுக்கு யூனிட்டின் அடக்க விலை தேய்ந்துகொண்டே போகும். ஒத்திவைத்த வரி கடைசியில் வந்து நிற்கும். நிர்வாகமும் அநேகமாக யூனிட்தாரர் கைக்கு எட்டாது.

2014-ல் கிண்டர் மார்கன் என்ற குழாய்க் கம்பெனி தன் கூட்டு வியாபாரங்களைச் சுமார் 7,000 கோடி டாலர் விவகாரத்தில் தனக்குள் இழுத்துக்கொண்டது. தாமாக விற்க நினையாமல் பல வருஷமாக யூனிட்டுகளை வைத்திருந்தவர்களுக்கும் வரி வந்து சேர்ந்தது. கையில் மிஞ்சிய கம்பெனி ஷேருக்கு மறு வருஷம் டிசம்பரில் காலாண்டு டிவிடெண்டு 51 சென்டிலிருந்து பன்னிரண்டரை சென்டாகக் குறைந்தது.