ஜெர்சி வாங்கித் தருபவர் ஆட்டத்தையும் தீர்மானிக்கலாமா?

நான் தொடக்கநிலை 3இல் படித்தபோது என் அண்ணன் எனக்கு ஒரு வெள்ளை ஜெர்சி வாங்கித் தந்தான். நெஞ்சில் வௌவால் சின்னம். "இனிமே இதுதான்டா நம்ம டீம்" என்றான். அது 2014ஆம் ஆண்டு. சிங்கப்பூர்க் கோடீஸ்வரர் பீட்டர் லிம், ஸ்பெயினின் வலென்சியா காற்பந்துக் குழுவின் ஏறத்தாழ 70 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கியிருந்தார். மீன் வியாபாரியின் மகனாகப் பிறந்து, பங்குத் தரகராகப் பணம் சேர்த்த நம் ஊர்க்காரர், ஸ்பானிய லீக்கை ஆறு முறை வென்ற குழுவுக்கு உரிமையாளர்! புளோக்கின் கீழே பந்து உதைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு வேறென்ன வேண்டும்?

இன்று அந்த ஜெர்சியைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது. பல ஆண்டுகளாக வலென்சியா ரசிகர்கள் மெஸ்டாயா அரங்கில் மஞ்சள் அட்டைகளைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். "லிம், ஊருக்குத் திரும்பிப் போ" என்பது அதில் உள்ள வாசகம். என் நண்பர்களில் சிலர், "அவர் ஆசியர் என்பதால்தான் இப்படி" என்கிறார்கள். அந்த எண்ணம் உள்ளவர்களும் கூட்டத்தில் இருக்கலாம். ஆனால், நடந்ததை வரிசையாகப் பார்த்தால் அந்தச் சமாதானம் எனக்குப் போதவில்லை.

லிம் வாங்கியபோது வலென்சியா கடனில் மூழ்கியிருந்தது. புதிய அரங்கின் கட்டுமானம் 2009இலேயே நின்றுபோயிருந்தது. அந்தச் சுமையை அவர் உருவாக்கவில்லை. பணம் போட்டு உள்ளே வந்தார். முதல் பருவத்திலேயே குழு 4ஆம் இடம் பிடித்தது. சிக்கல் அதற்குப் பிறகுதான். 2015 டிசம்பரில் கேரி நெவிலைத் தலைமைப் பயிற்றுவிப்பாளராக்கினார்கள். மான்செஸ்டர் யுனைடெட்டில் பெரிய விளையாட்டாளர், லிம்மின் தொழில் பங்காளி. அதற்குமுன் எந்தக் குழுவுக்கும் அவர் தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருந்ததில்லை. லீக்கில் 16 ஆட்டங்களில் 3 வெற்றி. அரசர் கிண்ண அரையிறுதியில் பார்சிலோனாவிடம் 7-0. நான்கு மாதத்தில் வேலை போனது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீச்சல் தெரியாதவரை ஆழத்தில் இறக்கிவிட்டது யார் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

2017இல் மத்தேயு அலெமானி என்ற அனுபவசாலி தலைமை இயக்குநராக வந்தார். மார்செலினோ பயிற்றுவிப்பாளரானார். அடுத்தடுத்து இரண்டு பருவங்களில் 4ஆம் இடம். 2019 மே மாதம், குழுவின் நூற்றாண்டு ஆண்டில், அதே பார்சிலோனாவை 2-1 என வென்று அரசர் கிண்ணத்தைக் கைப்பற்றினார்கள். அணித்தலைவர் டானி பரேஹோ கிண்ணத்தைத் தூக்கியபோது அண்ணனும் நானும் போட்ட கூச்சலில் அம்மா எழுந்து வந்து விளக்கைப் போட்டார்.

செப்டம்பரில், புதிய பருவத்தின் மூன்றே லீக் ஆட்டங்களுக்குப் பிறகு, மார்செலினோ நீக்கப்பட்டார். கிண்ணத்தை வென்றதே தம் வேலை போனதற்குக் காரணம் என்று அவர் செய்தியாளர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். நவம்பரில் அலெமானியும் போய்விட்டார். 2020இல் பரேஹோவையும் பிரான்சிஸ் கோக்கெலெனையும் பக்கத்து ஊர்க் குழுவுக்கு விட்டுக்கொடுத்தார்கள். லீக்கில் 9ஆம் இடம், பிறகு 13ஆம் இடம். 2023இல் 16ஆம் இடம். தரமிறங்காமல் தப்பியது கடைசி நாள் ஆட்டத்தில்தான்.

பக்கத்து ஊர் என்றேனே, அது வில்லாரியால். வலென்சியாவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். மக்கள்தொகை 50,000 அளவில். நம் பீஷானில் அதைவிட அதிகம் பேர் வசிக்கிறார்கள். அந்தக் குழுவுக்கும் ஒரு பணக்கார உரிமையாளர் இருக்கிறார். டைல்ஸ் தயாரிக்கும் தொழிலதிபர் பெர்னாண்டோ ரோய்க். 1997இல் அவர் வாங்கியபோது வில்லாரியால் முதல் டிவிஷனில் ஒருமுறைகூட ஆடியதில்லை. 2006லும் 2022லும் அது சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிக்கே போனது.

2021 மே மாதம், யூரோப்பா லீக் இறுதியாட்டம். நம் பள்ளிகளில் வீட்டிலிருந்து கற்றல் நடந்துகொண்டிருந்த வாரம் அது. அதனால் விடியற்காலை 3 மணிக்கு விழித்திருக்க முடிந்தது. மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக 1-1. பெனால்டியில் வில்லாரியாலின் 11 பேரும் கோல் அடித்தார்கள். 11-10 என வென்றார்கள். அந்தப் பதினொருவரில் நால்வர் முன்பு வலென்சியாவுக்கு ஆடியவர்கள். பரேஹோவும் கோக்கெலெனும் அதில் அடக்கம். பயிற்றுவிப்பாளர் உனாய் எமெரிகூட ஒருகாலத்தில் வலென்சியாவில் இருந்தவர்தான். அண்ணன் ஒன்றும் பேசாமல் படுக்கப் போய்விட்டான்.

இங்கே ஒன்றை மறைத்தால் என் வாதம் நேர்மையாக இருக்காது. ரோய்க்கும் மார்செலினோவை நீக்கியவர்தான்! 2016 ஆகஸ்டில், சாம்பியன்ஸ் லீக் தகுதி ஆட்டத்துக்குச் சில நாள்களே இருந்தபோது. அப்படியானால் இரண்டு முதலாளிகளுக்கும் என்ன வேறுபாடு?

அதே பயிற்றுவிப்பாளர் போன பிறகு நடந்ததைப் பாருங்கள். வில்லாரியால் அந்தப் பருவத்தை 5ஆம் இடத்தில் முடித்தது. வலென்சியா சரிந்தது. வில்லாரியாலில் காற்பந்து விவகாரங்களைப் பல்லாண்டுகளாகக் கவனித்துக்கொண்டவர் ஹோசே மானுவேல் யனேசா என்ற நிர்வாகி. பயிற்றுவிப்பாளர்கள் வந்தார்கள், போனார்கள், 2012இல் குழு தரமிறங்கி அடுத்த ஆண்டே திரும்பியது, அவர் இருந்தார். 2022இல் அவர் மறைந்த பிறகு பயிற்சி வளாகத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். வலென்சியாவின் அலெமானியோ மூன்று ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. 2023 நவம்பரில் ரோய்க் மார்செலினோவையே திரும்ப அழைத்தார். 2025இல் குழு 5ஆம் இடம் பிடித்து மீண்டும் சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதிபெற்றது. தான் அனுப்பிய ஆளைத் தானே கூப்பிட ஒரு முதலாளிக்கு எவ்வளவு மனம் வேண்டும்!

கொவிட் வருமானத்தைக் குறைத்தது, லீக் சம்பளத்துக்கு வரம்பு வைத்தது என்று லிம்முக்காகப் பேசுவோர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால், மார்செலினோவை நீக்கிய 2019 செப்டம்பரில் கொவிட் எங்கே இருந்தது?

இதெல்லாம் கோடீஸ்வரர்கள் கதை என்று நினைத்துவிட வேண்டாம். உயர்நிலைப் பள்ளி நாள்களில் எங்கள் வட்டாரத்தில் ஐவர் குழு ஒன்று வைத்திருந்தோம். ஓர் அங்கிள் ஜெர்சியும் பந்தும் வாங்கித் தந்தார், திடல் வாடகையும் கட்டினார். நல்ல மனிதர். மூன்றாவது வாரம் அவருடைய அக்கா மகன் கோல்காவலரானான். ஆறாவது வாரம் யார் எங்கே நிற்க வேண்டும் என்பதை அங்கிளே சொன்னார். நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. ஜெர்சி அவருடையதாயிற்றே! அந்தப் போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியேறினோம். இதில் அங்கிள்மேல் பாதிப் பழி என்றால், மீதி எங்கள்மேல்தான்.

இப்போது நம் ஊரிலும் இது பேச வேண்டிய விஷயமாகிவிட்டது. ஹோம் யுனைடெட்டாக இருந்த குழு 2020இல் தனியார்மயமாகி லயன் சிட்டி செய்லர்ஸ் ஆனது. ஃபாரஸ்ட் லீயின் சீ நிறுவனம் பின்னால் நிற்கிறது. மறு ஆண்டே லீக் கிண்ணம். 2025 மே மாதம் ஆசியச் சாம்பியன்ஸ் லீக் 2 இறுதியாட்டம் பீஷானில் நடந்தபோது, கூடுதல் நேரத்தில் சமன்செய்து, அதே கூடுதல் நேரத்தில் ஷார்ஜாவிடம் 2-1 எனத் தோற்றோம். அந்த இரவு எனக்கு வலித்தது. வலென்சியாவுக்காக வலித்ததைவிட அதிகமாகவே.

என் சித்தி மகனுக்கு 11 வயது. செய்லர்ஸ் இளையர் பயிற்சிக்கழகத்தில் சேர வேண்டும் என்று தினமும் பந்தோடு ஓடுகிறான். சித்தி என்னிடம் கேட்டார், "நல்ல இடம்தானேடா? பெரிய பணக்காரங்க நடத்துறாங்களாமே?" வசதிக்குக் குறைவில்லை, சேர்த்துவிடுங்கள் என்றேன். பணம் போடுபவர் பெயர் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவர் ஒரு முடிவைச் சொல்லும்போது "வேண்டாம், இது சரிவராது" என்று எதிரே உட்கார்ந்து சொல்லக்கூடியவர் யார், அவர் இன்னும் பத்து ஆண்டுக்கு அங்கே இருப்பாரா என்பதைத்தான் நான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.