கூட இருப்பவரின் கணக்கு

இந்திய மருத்துவ வரலாற்றில் வேலூருக்கு இரண்டு ஆண்டுகள் முக்கியமானவை. 1955-இல் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்த நாட்டில் முதன்முதலாக உறுதிசெய்யப்பட்டது வேலூர் வட்டாரத்தில்தான். 1957-இல் அதே ஊரின் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் தொடங்கியது. நோயாளியை மட்டும் விட்டுவிட்டுப் போக முடியாது, வீட்டார் யாராவது உடன் தங்கியே ஆக வேண்டும் என்ற வழக்கம் அங்கே வேரூன்றியது. முன்னதைத் தொற்றுநோய்க் கணக்கிலும் பின்னதை மனநோய்க் கணக்கிலும் எழுதித் தனித்தனியாக வைத்துவிட்டோம். எனக்கு இரண்டும் ஒரே கதையாகத்தான் படுகின்றன. பெங்களூரில் குடியிருந்து, ஒசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மருத்துவமனை வாசலில் வந்து இறங்கும் தமிழ்க் குடும்பங்களோடு பேசிப் பழகியதில் அந்த எண்ணம் வலுத்திருக்கிறது.

மூளைக்காய்ச்சல் வந்தால் நம் பேச்சு ஒரே ஒரு கேள்வியில் நின்றுவிடும்: பிழைத்தானா, இல்லையா? ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மூளையைத் தாக்கியவர்களில் 100-க்கு 30 பேர் வரை இறந்துபோகலாம். பிழைத்தவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் பாதிப்பேர் வரை வலிப்போ, கைகால் முடக்கமோ, பேச்சுக் குறையோ, குணமாற்றமோ கூடவே கொண்டு வீடு திரும்புகிறார்கள். செய்தித்தாளில் இறந்தவர் எண்ணிக்கை வரும். இவர்களின் எண்ணிக்கை வருவதில்லை. நெல்வயலும் தேங்கிய நீரும் கொசுவும் உள்ள ஊர்களின் நோய் இது. ஆகவே திரும்பிப்போகிற வீடு பெரும்பாலும் கூலிவேலைக்குப் போகிற வீடு.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஒசூர்ப் பக்கம் இருக்கிறது. பையனுக்கு மூளைக்காய்ச்சல் வந்து, ஐ.சி.யூ.வில் கிடந்து, பிழைத்துவிட்டான். டிஸ்சார்ஜ் தாளில் நல்ல நிலையில் வீட்டுக்கு அனுப்பப்பட்டதாக எழுதியிருந்தது. அது பொய்யில்லை. காய்ச்சல் இல்லை, நடக்கிறான், சாப்பிடுகிறான். ஆனால் அவன் அம்மாவிடம் கேட்டால், "உடம்பு தேறிடுச்சுங்க, குணந்தான் மாறிப்போச்சு" என்பார். அவர் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறார். தேதி, நேரம், என்ன நடந்தது, எவ்வளவு நேரம். "காலை 6.10, வலது கை இழுத்தது, 2 நிமிடம், பிறகு தூங்கினான்." "மதியம், தட்டைத் தூக்கி எறிந்தான், காரணம் தெரியவில்லை, அப்புறம் சாப்பிட்டான்." "தங்கச்சி பேர் மறந்துவிட்டது, சாயங்காலம் ஞாபகம் வந்தது." மாத்திரை தீர்ந்து, கையில் காசில்லாத நாட்களும் அதில் இருக்கின்றன. அந்த வரிகளின் ஓரத்தில் சின்னதாக ஒரு புள்ளி. நோட்டைப் புரட்டினால், புள்ளி விழுந்த நாளுக்கு இரண்டு மூன்று நாள் கழித்து வலிப்பு வந்திருப்பது கண்ணில் படும். எட்டாவது வரை படித்த ஒரு பெண் தன் பிள்ளைக்காக நடத்திய ஆராய்ச்சி அது. டாக்டர் அதைப் பார்த்துத்தான் மருந்தின் அளவை மாற்றினார்.

தொற்று முடிந்த பின் மூளையில் நடப்பதை முதலில் கண்டுகொள்வது ஸ்கேன் இல்லை, வீடுதான். தட்டம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு மணல்வாரி போட்டது, இறங்கிவிட்டது என்று எல்லாரும் மறந்திருப்பார்கள். மிகச் சில பிள்ளைகளிடம் அந்த வைரஸ் மூளையிலேயே பதுங்கிக் கிடந்து, ஏழெட்டு வருடம் கழித்துத் தலைதூக்கும். எஸ்.எஸ்.பி.இ. என்று டாக்டர்கள் சொல்லும் இந்த நோய் படிப்பில்தான் தொடங்கும். மார்க் குறையும், கையெழுத்து கோணும், கையில் இருப்பது நழுவி விழும். கவனமில்லை என்று பள்ளியில் திட்டு, திமிர் என்று வீட்டில் அடி. பிறகுதான் உடம்பு திடீர் திடீரென வெட்டி இழுக்கத் தொடங்கும். இன்றுவரை இதற்கு முழுதாகக் குணமாக்கும் மருந்து இல்லை. தட்டம்மைத் தடுப்பூசி இதையும் சேர்த்தே தடுக்கிறது என்பதைத் தடுப்பூசி முகாம்களில் யாரும் போதுமான அளவு சொல்வதில்லை.

இன்னொரு நோய் இருக்கிறது. ஸ்பெயின்காரரான ஜோசப் டால்மாவ் 2007-இல் தன் சகாக்களோடு விளக்கியது. உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையின் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்கிவிடும். சிலருக்கு ஹெர்ப்பிஸ் மூளைக்காய்ச்சல் வந்து போனதைத் தொடர்ந்து இது வருவதும் பின்னர் தெரியவந்தது. இளம்பெண்களிடம் அதிகம். பத்துப் பதினைந்து நாளில் ஆளே மாறிப்போவார்கள். பயம், உளறல், தூக்கமின்மை, யாரோ பேசுவதுபோல் கேட்பது. பார்ப்பவருக்கு இது மனநோய் அல்லது பேய். கோயிலுக்கும் மந்திரிப்பவரிடமும் கொண்டுபோய், அதற்குப் பிறகு மனநல மருத்துவரிடம் வருவார்கள். அங்கே வீட்டார் சொல்லும் ஒரு விவரம் நோயையே பிடித்துக் கொடுத்துவிடும்: "போன மாசம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தா, இப்ப ஒரு வாரமா வாய் கோணி இழுக்குது." அது டாக்டர் காதில் விழுந்தால் முதுகுத் தண்டு நீரை எடுத்துப் பரிசோதிப்பார்கள், ஸ்டீராய்டு கொடுப்பார்கள், பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். விழாவிட்டால் வெறும் மனநோய் மாத்திரைகளோடு நாள் ஓடும். மனநலப் பிரிவும் நரம்பியல் பிரிவும் ஒரே வளாகத்தில் இருப்பது நிம்ஹான்ஸின் பெரிய பலம். 1974-இல் மாநில மனநல மருத்துவமனையையும் அகில இந்திய மனநலக் கழகத்தையும் இணைத்து அதை உருவாக்கியபோது இரண்டு துறைகளையும் பிரிக்காமல் விட்டவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

குடும்பத்தை வார்டுக்குள் விடும் யோசனை வேலூருக்கும் முந்தையது. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், இடமும் ஆளும் போதாத நிலையில், வளாகத்தில் கூடாரம் அடித்து நோயாளிகளோடு உறவினர்களையும் தங்கவைத்தார். அவர்களோடு உட்கார்ந்து நோயைப் பற்றிப் பேசினார். மேல்நாடுகளில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது? மனச்சிதைவு நோய்க்குத் தாயின் வளர்ப்பே காரணம் என்ற கருத்து 1948-இல் எழுத்தில் வந்து, பல வருடம் அம்மாக்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவைத்திருந்தது. அங்கே அம்மாவை வெளியே நிறுத்திய காலத்தில் இங்கே அம்மாவுக்குப் பாய் விரித்தார்கள். ஆள் பற்றாக்குறையில் பிறந்த ஏற்பாடு என்று அதைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. பிறப்பு எப்படியானால் என்ன, நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள்.

பெங்களூரு இதில் சேர்த்தது அளவுகோல். நிம்ஹான்ஸில் ஷைலா பை, ஆர். எல். கபூர் இருவரும் உருவாக்கிய கேள்வித்தாள் 1981-இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ ஆய்விதழில் வெளியானது. 24 கேள்விகள். கடன் வாங்கினீர்களா, சேமிப்பு கரைந்ததா? மற்றப் பிள்ளைகளைக் கவனிக்க முடியாமல் போனதா? லீவு நாளெல்லாம் நோயாளிக்கே சரியாகிவிடுகிறதா? சொந்தபந்தம் வருவது குறைந்துவிட்டதா? வீட்டில் வேறு யாருக்காவது தூக்கம் கெட்டு உடம்பு இளைத்திருக்கிறதா, எடுத்ததற்கெல்லாம் அழுகை வருகிறதா? ஒவ்வொரு பதிலுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். கடைசியில் தனியாக ஒன்று: இந்த நோயால் நீங்கள் எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறீர்கள்? நம் வீட்டுப் பெண்கள் "என்னத்தச் சொல்ல" என்று விழுங்கிவிடும் சங்கதி எண்ணாக மாறி ஆய்விதழில் ஏறியது. நாற்பது வருடம் தாண்டியும் இந்திய ஆய்வாளர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வீடுகளுக்குப் போகிறார்கள்.

அளந்ததோடு ஷைலா பையும் கபூரும் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலையில் இருந்த மனச்சிதைவு நோயாளிகளில் ஒரு குழுவினரைச் சேர்த்தார்கள். இன்னொரு குழுவினரை வீட்டிலேயே வைத்து, நர்ஸ் ஒருவர் தவறாமல் போய்ப் பார்த்துவந்தார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வீட்டுக் குழுவில் நோய் கூடுதலாகத் தணிந்திருந்தது, குடும்பச் சுமை வெகுவாகக் குறைந்திருந்தது, செலவும் குறைவு. எண்பதுகளின் தொடக்கத்தில், இதே ஊரில் கிடைத்த முடிவு. ஒரு நர்ஸ், ஒரு பை, வீட்டுத் திண்ணையில் கொஞ்ச நேரம். இது ஏன் நாடு முழுக்கப் பரவவில்லை என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கோவிட் வந்தபோது இந்தப் பாடம் கைகொடுத்திருக்க வேண்டும். 2021 ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரில் படுக்கைக்கு அலைந்தவர்கள் அந்த நாட்களை மறந்திருக்க மாட்டார்கள். அந்த வருடமே ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் கோவிட் வந்துபோன 2,36,379 பேரின் மருத்துவப் பதிவுகளை அலசினார்கள். ஆறு மாதத்துக்குள் மூன்றில் ஒருவருக்கு நரம்பு சார்ந்தோ மனம் சார்ந்தோ ஏதாவது ஒரு நோய் பதிவாகியிருந்தது. 100-க்கு 13 பேருக்கு அது வாழ்நாளில் முதல் தடவை. தொற்று தொடங்கி மூன்று மாதத்துக்குப் பிறகும் விடாமல், இரண்டு மாதமாவது நீடிக்கும் தொந்தரவுகளைத் தனி நிலையாக உலக சுகாதார நிறுவனம் அந்த அக்டோபரில் வரையறுத்தது. அசதி, மறதி, மூளை மந்தம். இங்கே அந்த மறதியோடு ஐ.டி. வேலைக்குத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். டீம் லீடருக்குத் தெரியாமல் மறைத்ததை மனைவிக்குத் தெரியாமல் மறைக்க முடிந்திருக்காது. பதிவுகளை அலசும் ஆய்வில் அந்த மனைவியின் குரல் எங்கும் இல்லை. கூட இருப்பவரைக் கேட்காமல் செய்யப்படும் தொற்றுக்குப் பிந்தைய ஆய்வு, நோயின் பாதியைத்தான் பார்க்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

குடும்பம் என்றதும் உருகிப் பேசுவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநோயாளிகளை அடைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்து கருகிய 28 பேருக்கும் எங்கோ குடும்பம் இருந்திருக்கும். கட்டிப்போட்டு விட்டுப் போனவர்கள் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை, தாங்கமுடியாமல் போனவர்கள் அதில் நிறையப் பேர். அதற்காக நோயாளிக்கு நேர்ந்ததை மன்னித்துவிடவும் முடியாது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், தனக்காகப் பேசவேண்டியவர் யார் என்று நோயாளியே எழுதிக்கொடுக்க உரிமை தந்திருக்கிறது. அவர் கணவராகவோ அண்ணனாகவோ இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வீட்டாலேயே நொறுங்கிப்போன பெண்களுக்கு இது பெரிய துணை. பிறகு, குடும்பம் என்று பொதுவாகச் சொல்கிறோமே, நடைமுறையில் அது ஒரு அம்மா, அல்லது ஒரு மனைவி, அல்லது கல்யாணம் தள்ளிப்போன ஒரு அக்கா. ஆஸ்பத்திரிப் பாயில் படுத்திருப்பவர் அவர்தான், வேலையை விட்டவரும் அவர்தான்.

பண விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நிம்ஹான்ஸ் முன்னின்று தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனநலப் பாதிப்புள்ள குடும்பங்கள் மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை வைத்தியத்துக்கும் போக்குவரத்துக்கும் செலவழிப்பதாகக் கண்டது. கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் என்று இரவு பஸ் ஏறிவருபவருக்கு இழந்த கூலி இதற்கு மேல். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி என்று ஒரு வரி இருக்கிறது. அரசின் பொருளாதார சக்திக்கு உட்பட்டு என்ற வாசகமும் உடன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வாசகத்துக்குப் பின்னால் எல்லா அரசுகளும் ஒளிந்துகொள்ளலாம். ஒளியக்கூடாது.

மூளைக்காய்ச்சலில் பிழைத்தவரை வீட்டுக்கு அனுப்பும்போது மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் என்று வரவேண்டிய தேதிகளைக் குறித்துத் தரவேண்டும். அந்தத் தேதிகளில் உடன் வருபவருக்கும் அவர் பெயரிலேயே ஒரு ஓ.பி. சீட்டு போட வேண்டும், அவருடைய பி.பி.யையும் தூக்கத்தையும் ஒரு டாக்டர் கேட்க வேண்டும். நடுவில் தாங்கமுடியாத ராத்திரி வந்தால், 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணை நோயாளியின் வீட்டாரும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். நிம்ஹான்ஸ்தான் அதன் தலைமை மையம். இந்த எண்ணை டிஸ்சார்ஜ் தாளின் கீழே அச்சடிக்கப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்தை வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள், பிசியோதெரபி செய்பவரும் வருகிறார். அந்தப் பட்டியலில் மூளைக்காய்ச்சலிலிருந்து மீண்டவர்களின் வீடுகளைச் சேர்க்க வேண்டும். வலிப்பு மாத்திரை தீர்வதற்கு முன் வீட்டுக்கே வந்துவிட்டால், அந்த அம்மா நோட்டு ஓரத்தில் புள்ளி வைக்க வேண்டியிருக்காது.