காப்பாளர் கையெழுத்து ஒப்புதல் ஆகுமா?

ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 2009-இல் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு ஒன்று தொடங்கியது. 'பாத்' என்னும் அமெரிக்க நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அதில் கைகோத்தன. ஊசி போடப்பட்ட சிறுமிகளில் ஏழு பேர் இறந்தனர். 2010 ஏப்ரலில் ஆய்வு நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமல்ல என்றது அரசின் விசாரணைக் குழு. தடுப்பூசியின் பயன் குறித்து நமக்கும் சந்தேகமில்லை. நம் கேள்வி ஒப்புதல் பற்றியது.

நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் அளித்த அறிக்கையைப் பாருங்கள். ஆந்திரத்தில் 9,543 ஒப்புதல் படிவங்கள். 1,948 படிவங்களில் கைநாட்டு. 2,763 படிவங்களில் கையெழுத்திட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள்! பழங்குடி, தலித் வீட்டுப் பெண்களின் உடலுக்குப் பெற்றோரைக் கேட்காமலே ஒப்புதல் தரப்பட்டுவிட்டது. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் பிள்ளைகளைச் சேர்த்துள்ள நாம் இதை வெளியூர்ச் செய்தியாக ஒதுக்கிவிட முடியாது.

ஆய்வே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் குணமாகும் என்று உலகுக்கு நிரூபித்தது. அதற்கு உடல் கொடுத்தவர்கள் நகரத்தின் ஏழைகள். இன்று கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கி வீடு திரும்பும் ஒவ்வொரு காசநோயாளியும் அவர்களுக்குக் கடன்பட்டவர். அறிவியலுக்கு நாம் கொடுத்திருக்கிறோம். கேட்டு வாங்குங்கள் என்பதே நம் கோரிக்கை.

விதிகள் இல்லாமல் இல்லை. ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகளின்படி, அறநெறிக் குழுவில் 7 முதல் 15 பேர் இருக்க வேண்டும். தலைவர் அந்த நிறுவனத்தைச் சாராதவராக இருக்க வேண்டும். பொதுமக்களில் ஒருவரும் உறுப்பினராக வேண்டும். குழந்தை என்றால் பெற்றோரின் ஒப்புதலோடு, ஏழு வயதைக் கடந்த குழந்தையின் சம்மதமும் தேவை. மருந்து ஆய்வுக்கும் உடல்நல ஆய்வுக்கும் அறநெறிக் குழுவைப் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன 2019 விதிகள்.

ஆனால் சமூக அறிவியல் ஆய்வுகளுக்கு இத்தகைய சட்டக் கட்டாயம் இல்லை. அடையாற்றங்கரையிலிருந்து பெயர்க்கப்பட்டுக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டோரின் வீட்டுக் கதவைக் கேள்வித்தாளோடு யாரும் தட்டலாம். சாதி, வருமானம், பட்ட அவமானம் என எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போகலாம். பட்டம் அவர்களுக்குக் கிடைக்கும். சொன்னவருக்கு ஆய்வின் முடிவுகூடத் தெரியாது.

சேப்பாக்கம், கிண்டி, அடையாறு வளாகங்களில் உள்ள உயர்கல்வி நிறுவனங்களிடம் நாம் கேட்பது மூன்று. எல்லாத் துறை ஆய்வுகளும் அறநெறிக் குழுவின் பார்வைக்கு வர வேண்டும். ஆய்வுக்கு உள்ளாகும் சமூகத்தின் பிரதிநிதியை 'அழைக்கலாம்' என்பது 'அழைக்க வேண்டும்' என்று மாற வேண்டும். ஆய்வின் முடிவு, மக்களுக்குப் புரியும் தமிழில் அவர்களிடமே திரும்பி வர வேண்டும்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். யாராவது படிவத்தை நீட்டினால் யார் நடத்துகிறார்கள், எதற்காக, எந்தக் குழு அனுமதித்தது என்று கேளுங்கள். படிவத்தின் நகலை வாங்கி வையுங்கள். வேண்டாம் என்று சொல்லவும் பாதியில் விலகவும் உங்களுக்கு உரிமை உண்டு. நாளை நீங்களே ஆய்வாளராகி ஒரு சேரிக்குள் நுழையும்போதும் இதே கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தயாராகச் செல்லுங்கள்.